கடன் பாக்கியோடு செக்யூரிட்டி கிளியரன்ஸ் வாங்கியது

அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஒப்பந்தப் பணி செய்யும் நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. அரசின் ரகசியத் தகவல்களைப் பார்க்கத் தரும் அனுமதியான செக்யூரிட்டி கிளியரன்ஸ் வந்தால்தான் அந்த வேலை நிலைக்கும். அதற்கான எஸ்.எஃப்-86 படிவத்தில் 26-ஆம் பிரிவு முழுக்கப் பணம்தான். கடந்த 7 ஆண்டுகளில் வசூல் ஏஜென்சிக்குப் போன கடன், வங்கி வாராக்கடனாகத் தள்ளிய கணக்கு, 120 நாளுக்கு மேல் இழுத்த தவணை, கட்டாத வரி, திவால் மனு எல்லாம் எழுத வேண்டும்.

என் கணவருக்கு வேலை போய், என் சம்பளத்தில் மட்டும் குடும்பம் ஓடிய காலத்தில் இரண்டு கிரெடிட் கார்டு கடன் தேங்கிவிட்டது. காப்பீடு தந்திருக்க வேண்டிய ஓர் ஆஸ்பத்திரி பில்லும் என் பேரில் வசூலுக்குப் போயிருந்தது. "ஏழு வருஷம் ஆனா கிரெடிட் ரிப்போர்ட்லேர்ந்து தானா போயிடும், நீங்க ஏங்க எழுதறீங்க?" என்றார் தெரிந்தவர் ஒருவர். நான் எல்லாவற்றையும் எழுதினேன். ரிப்போர்ட்டில் இல்லை என்பதால் கடன் தீர்ந்ததாக அங்கே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மறைத்தால் நேர்மை குறித்துத் தனியாக ஒரு குற்றச்சாட்டு வரும். தெரிந்தே பொய் எழுதுவது சட்டப்படி குற்றமும்கூட.

விசாரணை அதிகாரி வந்து பேசிப் போனார். பல மாதம் சத்தமே இல்லை. பிறகு, கிளியரன்ஸ் தரத் தயங்குவதன் காரணங்களை வரிசைபோட்டு ஒரு கடிதம் வந்தது. 20 நாளுக்குள் ஒவ்வொன்றையும் ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று உறுதிமொழியோடு பதில் தர வேண்டும். கார்டுகளை ஒப்புக்கொண்டேன். ஆஸ்பத்திரி பில்லை மறுத்து, காப்பீட்டு நிறுவனத்தோடு நடத்திய கடிதப் போக்குவரத்தை இணைத்தேன்.

வேலை போனது நம் கையில் இல்லை என்பதை ஏற்பார்கள். அந்த நெருக்கடியில் பொறுப்பாக என்ன செய்தாய் என்பதுதான் அடுத்த கேள்வி. பலர் அங்கேதான் விழுகிறார்கள். இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே ஒரு கார்டுக்குத் தவணை கட்டத் தொடங்கியிருந்தேன். கடிதத்தைப் பார்த்த பிறகு கட்டும் பணத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை. மற்றொரு கார்டில் சமரசத் தொகை கட்டியதும், மீதியைத் தள்ளுபடி செய்து வங்கி அதைக் காட்டும் 1099-சி என்ற வரிப் படிவம் அனுப்பியிருந்தது. அந்தத் தொகையும் வருமானமாகக் கணக்காகும் என்பதால், அதைக் காட்டிய வரி ரிட்டர்னையும் சேர்த்தேன்.

இவ்வளவு குடைவது சில சமயம் எரிச்சலாக இருந்தது. ஆனால் என்.எஸ்.ஏ. என்ற அமெரிக்க உளவு அமைப்பில் வேலை பார்த்த ரொனால்ட் பெல்டன் 1979-ல் திவாலாகி, வேலையை விட்டபின் 1980-ல் சோவியத் தூதரகத்துக்கே போய் ரகசியங்களை விற்றவர். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

காகிதங்களை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் கேட்டிருக்கலாம். நான் நீதிபதி முன் விசாரணை கேட்டேன். கடன் தொகையை விட மாதாந்திர வரவு செலவைத்தான் அவர் அதிகம் துருவினார். ஊருக்கு அனுப்பும் பணம் உட்பட எழுதி வைத்திருந்தது உதவியது. தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. கிளியரன்ஸ் கிடைத்த பிறகும் கிரெடிட் பதிவைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் தவணைகளை ஆட்டோபேயில் போட்டிருக்கிறேன், ரசீதுகளையும் தூக்கிப்போடுவதில்லை.