கடற்கரைப் பக்கம் முழுதும் காணாமல் போன வரைபடம்

எம்சிஏ கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டின் இரண்டாம் ரிவ்யூ போன வாரம் ஒருவழியாக முடிந்தது. முதல் ரிவ்யூவில் பட்டது இன்னும் ஆறவில்லை. ஜாவாவில் விண்டோ, பட்டன் எல்லாம் செய்ய உதவும் ஸ்விங்கில் சொந்தமாகப் படம் வரையப் போகிறவர்கள் அதே பள்ளத்தில் விழக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நான் எடுத்தது புதுச்சேரி நகர வரைபடம். குறுக்கும் நெடுக்குமாக நேர்த் தெருக்கள், நடுவில் பெரிய வாய்க்கால், கிழக்கே கடல். கட்டம் கட்டமாக வரைய இதைவிட வசதியான ஊர் ஏது? தெருக்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரு ஜேகாம்போனென்ட், அதாவது திரையில் தனக்கென்று ஓர் இடம் உள்ள தனித் துண்டு. கிளாஸ் எழுதுவதெல்லாம் ஒரே நாளில் முடிந்தது.

ஓட்டிப் பார்த்தால் மேல் இடது மூலையில் ஒரே ஒரு கட்டம், அதுவும் அரைகுறையாக. மற்றதெல்லாம் வெறுமை. மூன்று இரவு போனது. கடைசியில் திருப்பாப்புலியூரில் இருக்கும் சீனியர் அக்காவுக்குப் போன் செய்தேன். கோடிங்கைப் படிக்கச் சொல்லிக் கேட்டவர் பாதியிலேயே நிறுத்தினார். "பெயின்ட்காம்போனென்ட்டுக்குள்ள எதுக்கு கெட்எக்ஸ், கெட்ஒய் போட்டிருக்க? வீட்டுக்குள்ள பீரோ எங்கேன்னு கேட்டா, தெருவுல எத்தனாவது வீடுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

விஷயம் அதுதான். பெயின்ட்காம்போனென்ட் என்பது காம்போனென்ட் தன்னை வரைந்துகொள்ளும் மெதட். கெட்எக்ஸ், கெட்ஒய் சொல்வது, எல்லாவற்றையும் தாங்கும் தாய்ப் பேனலுக்குள் அந்த காம்போனென்ட் எங்கே இருக்கிறது என்பதை. வரையக் கையில் வரும் கருவியான கிராபிக்ஸோ ஏற்கெனவே அந்த இடத்துக்கு நகர்த்தப்பட்டுத்தான் வருகிறது. அதன் 0,0 அந்த காம்போனென்ட்டின் சொந்த மேல் இடது மூலை. 20,20-இல் வைத்த 80க்கு 60 கட்டத்தை மறுபடி 20,20-இல் வரைந்ததால் 60க்கு 40 துண்டுதான் மிஞ்சியது. தள்ளி இருந்தவை தங்கள் எல்லைக்கே வெளியே விழுந்து மறைந்தன. 0,0 என்று மாற்றியதும் ஊரே வந்துவிட்டது! கலங்கரை விளக்கத்துக்குப் போட்ட வட்டம் மட்டும் தள்ளி நின்றது. வட்டம் வரையும் ஃபில்ஓவலுக்குத் தருவது மையம் இல்லை, வட்டத்தைச் சுற்றிய சதுரத்தின் மூலை. ஆரத்தைக் கழித்ததும் சரி.

அந்தத் தைரியத்தில் முதல் ரிவ்யூ அன்று காலை மஞ்சக்குப்பத்திலிருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரி பஸ் பிடித்தேன். லேப் ப்ரொஜெக்டர் 1024க்கு 768 பிக்சல். என் விண்டோ 1200 அகலம், எல்லா எண்ணும் கையால் போட்டது. வாய்க்கால் வரை தெரிந்தது. கடற்கரைப் பக்கம் திரைக்கு வெளியே. "ரெசல்யூஷன மாத்தித் தர முடியுமா சார்?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் தொடக் கூடாதும்மா, அடுத்த ரிவ்யூல பாத்துக்கோ" என்று லேப்பில் இருந்தவர் முகத்தைக்கூடத் திருப்பாமல் சொன்னார். என் விளக்கத்தை யாரும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் அடியோடு மாற்றினேன். கட்டங்கள் இனி காம்போனென்ட் இல்லை, ஒரே பேனலில் வரையப்படும் சாதாரண ஷேப் (வடிவ) ஆப்ஜெக்ட்கள். வரைபடத்தின் உள்கணக்கு எப்போதும் 1200க்கு 800. வரையும் நேரத்தில் கெட்வித், கெட்ஹைட் மூலம் பேனலின் அப்போதைய அகலம், உயரம் கேட்டு, அவற்றை 1200, 800-ஆல் வகுத்து வரும் இரண்டு விகிதத்தில் சிறியதை, படத்தைச் சுருக்கி விரிக்கும் ஸ்கேலுக்குக் கொடுத்தேன். இதில் இரண்டு இடத்தில் கவனம் தேவை. கெட்வித்தைக் கன்ஸ்ட்ரக்டரில், அதாவது பேனல் உருவாகும்போதே, கேட்டால் 0 தான் வரும். 1200 என்று வகுத்தால் முழு எண் வகுத்தல், பின்னம் விடுபடும். விண்டோ அதைவிடக் குறுகினால் விகிதம் 0 ஆகிப் படமே மறையும். 1200.0 என்று எழுதுங்கள்.

ஓர் இடத்தைக் கிளிக் செய்தால் அதன் விவரம் காட்டும் பகுதியும் சறுக்கியது. கிளிக்கைக் கவனிக்கும் மவுஸ் லிஸனரை முழு விண்டோவான ஜேஃப்ரேமில் மாட்டியிருந்ததால் தலைப்புப் பட்டையின் உயரமும் கணக்கில் சேர்ந்து, ஒரு தெரு தள்ளிப் பதில் வந்தது. லிஸனரைப் பேனலுக்கு மாற்றி, கிளிக் விழுந்த இடத்தை அதே விகிதத்தால் வகுத்து, அந்தப் புள்ளி எந்த வடிவத்துக்குள் என்று கன்டெய்ன்ஸில் கேட்டதும் சரியானது. ஃப்ரேமுக்கு செட்சைஸ் கொடுப்பதையும் விட்டுவிட்டேன், அந்த அளவில் பட்டையும் ஓரங்களும் அடங்கிவிடுகின்றன. பேனலுக்கு வேண்டிய அளவைக் கெட்ப்ரிஃபர்டுசைஸில் எழுதி, அதற்கேற்ப விண்டோவை அமைக்கும் பேக்கைக் கூப்பிட்டால் போதும்.

போன வாரமும் அதே லேப், அதே ப்ரொஜெக்டர். சார் விண்டோவைப் பிடித்து இழுத்துச் சுருக்கிப் பார்த்தார். ஊர் மொத்தமும் கூடவே சுருங்கியது. கலங்கரை விளக்கத்தைக் கிளிக் செய்தார். அது எரியத் தொடங்கிய ஆண்டு 1836 என்று வந்தது. "ம், அடுத்த ஆளக் கூப்பிடு" என்றார்.