கொஞ்சம் அமோனியா

"இத்தனை நாளா என்னடா படிச்ச?"

செமஸ்டர் லீவுக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் வந்த முதல் காலையே பாட்டி கேட்டார்.

கால்குலஸைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் (மார்க் அப்படி). இரப்பர் பால் துகள்கள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளும், அமிலம் பட்டால் அது அடங்கிப் பால் உறையும் என்றேன்.

"பார்மிக் ஆசிட்தானே? உறையாம இருக்க அமோனியா ஊத்தணும்," என்றார், வெங்காயம் உரித்தபடியே.

அவர் விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் தடித்து வெடித்திருந்தன.

லேப்பில் எனக்குக் கையுறை, கண்ணாடி, சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட் எல்லாம் இருந்தும் மூன்று தடவை ஒரு சொட்டு கூடி, அளவு தப்பி, கரைசல் அடர் ரோஜா நிறமானது.

பாட்டி வேலை செய்த இரப்பர் தோட்டம் என்றால் படித்துத் தப்ப வேண்டிய இடம் என்றுதான் வளர்ந்தேன். அங்கே வேதியியல் நடந்ததை யாரும் சொன்னதில்லை.

"அளவு எப்படித் தெரியும் பாட்டி?"

"கூடிப்போனா கங்காணி கத்துவான்ல. அப்புறம் தானா வந்துடும்."