அல்டிஸ் 1.6 கூலிங், மூன்றாம் கட்டம்: ஒரு வழியாகக் காற்று வெளியேறியது

சிங்கப்பூரில் ஓடும் இந்த டொயோட்டா அல்டிஸில் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடேறிய பிறகே கூலண்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டர் வழியே ஓடவிடும் வால்வு) மாற்றி, உள்ளே சிக்கிய காற்றையும் எடுத்தாயிற்று. வெப்ப கிராஃப் இப்போதுதான் பார்க்கிற மாதிரி இருக்கிறது. தீவு விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் 83 முதல் 86 டிகிரி. ஏசியோடு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஊர்ந்தால் 88 முதல் 91. ஏசியை அணைத்துவிட்டு நின்ற இடத்தில் ஓடவிட்டால் 95-ல் ஃபேன் சுழலும், 90-க்கு வந்ததும் நிற்கும். போன மாதம் இதே விரைவுச்சாலையில் ஓபிடி (காரின் கணினியோடு இணைத்து அளவுகளைப் படிக்கும் கருவி) காட்டியது 71. டேஷ்போர்டு முள் என்ன காட்டியது? நடுவிலிருந்து ஒரு நூல் கீழே, அவ்வளவுதான். ஏறத்தாழ 75-லிருந்து 105 வரை அந்த முள் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அதை நம்பி இருந்தால் ஒன்றும் தெரிய வராது.

ஓடும்போது குளிர்ந்து, நெரிசலில் சரியாகிவிட்டால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டது என்று பொருள். நம் ஊர்ச் சூட்டில் நகருக்குள் எப்படியும் 85-ஐத் தொட்டுவிடுவதால் பலருக்கு இது தெரிவதே இல்லை. பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். குறுகிய ஓட்டங்களில் ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கும். கழற்றிய பழையதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், அறை வெப்பத்திலேயே வால்வுக்கும் வளையத்துக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. ஸ்பிரிங் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் கட்டியாக ஏதோ சிக்கியிருந்தது.

புதியது வாங்கப் போனால் கடையில் 76.5 என்று (வால்வு திறக்கத் தொடங்கும் டிகிரி) முத்திரை குத்தியதை எடுத்து நீட்டுகிறார்கள். "நம்ம ஊரு வெயிலுக்கு இதுதாண்ணே சரி. பல பேரு தெர்மோஸ்டாட்டையே எடுத்துப் போட்டுட்டு ஓட்டுறாங்க." இந்தப் பேச்சை எத்தனை வருஷமாகக் கேட்பது! நெரிசலில் 95-க்கு ஏறும்போது 82 தெர்மோஸ்டாட்டும் முழுதாகத் திறந்துதான் இருக்கும். அங்கே வெப்பத்தைத் தீர்மானிப்பது ரேடியேட்டரும் ஃபேனும். 76.5 போட்டால் விரைவுச்சாலையில் இன்னும் குளிரும், அதற்கு மேல் எதுவும் நடக்காது. அடியோடு எடுத்துவிடுவது அதைவிட மோசம். பைபாஸை அடைக்கும் தட்டு உள்ள வகை என்றால், தெர்மோஸ்டாட்டோடு அந்தத் தட்டும் போய்விடும். கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றி, நெரிசலில் சூடு கூடத்தான் செய்யும்.

82-ஐத்தான் வாங்கியது. மாட்டுமுன் பானையில் தண்ணீரைச் சூடாக்கிச் சோதனை: நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும், தெர்மாமீட்டரும் அதுவும் பானையின் அடியைத் தொடக் கூடாது. 80-க்கும் 84-க்கும் இடையில் வாய் பிளக்கத் தொடங்கி, 95-ல் குறைந்தது 10 மில்லிமீட்டர் எழும்ப வேண்டும். இது 82-ல் தொடங்கியது. நூலை வால்வு வாயில் செருகித் தொங்கவிட்டால் திறக்கும் நொடியில் தானே நழுவி விழும். கண்ணை நம்ப வேண்டியதில்லை.

கழற்றி மாட்டுவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆல்டர்னேட்டரை எடுத்தால் கை நுழையும், இரண்டு நட்டு, 10 நியூட்டன் மீட்டரை ஒட்டி இறுக்கினால் போதும், ரப்பர் கேஸ்கட்டுக்குப் பசை பூசாதீர்கள். ஜிகிள் வால்வு, அதாவது அந்தச் சின்ன ஆடும் ஊசி, 12 மணி திசையில் நிற்க வேண்டும். வால்வு மூடியிருக்கும்போது பின்னால் தேங்கும் காற்று அந்த ஓட்டை வழியாகத்தான் தப்பிக்கிறது. கீழே திருப்பி மாட்டினால் காற்று மேலேயே நிற்கும்.

உயிரை வாங்கியது அந்தக் காற்றுதான்.

இந்த எஞ்சினில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம், தண்ணீர் நுழையும் வாயில் இருக்கிறது. அதன் மெழுகுக் குமிழைச் சுற்றிக் காற்று நின்றால் சூடான கூலண்ட் மெழுகைத் தொடாது, வால்வு திறக்கத் தாமதமாகும். முதல் முறை நிரப்பியதும் நடந்தது இதுதான்: 88 வரை ஒழுங்காக ஏறி, சில நொடிகளில் 101-க்குத் தாவி, மறுபடி 84-க்கு விழுந்தது. மேல் ஹோஸ் கை வைக்க முடியாத சூடு, கீழ் ஹோஸ் சில்லென்று. சென்சார் முனையில் கூலண்டும் காற்றும் மாறி மாறிப் படும்போதும் இப்படித் தாவும்.

வீடியோக்களில் காற்றை எடுக்க ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்கச் சொல்கிறார்கள். இங்கே விற்கும் பல கார்களில் ஹீட்டரே கிடையாது, குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பி என்ன பயன்? நமக்குக் கீழ் ஹோஸின் சூடுதான் சாட்சி. ஏசி விஷயத்திலும் கவனம்: ஏசி ஓடினால் ஃபேனும் ஓடிக்கொண்டே இருக்கும், வெப்பம் 95-ஐ எட்டாது, வால்வும் முழுதாகத் திறக்காது. வியர்த்துக் கொட்டினாலும் அணைத்தே வையுங்கள்.

வேலைக்கு ஆனது கணக்குதான். வடித்ததை அளவுக் குடுவையில் அளந்தால் 4.2 லிட்டர். எஞ்சின் பிளாக்கில் தங்குவது இதில் சேராது. முதல் முறை உள்ளே போனது 3.3 மட்டுமே. மீதி 0.9 லிட்டர் காற்று என்று அர்த்தம், ரேடியேட்டர் வாய் வரை நிரம்பித் தெரிந்தாலும்.

முன்சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றினால் ரேடியேட்டர் வாய்தான் உயரமான இடம். புனலைப் பொருத்தி, மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் மாறி மாறி மெல்லப் பிசைந்ததில் குமிழ் குமிழாக வந்தது. பிறகு ஐடிலிங்கில் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை பொறுத்து, நிமிடத்துக்கு 2,500 சுற்று வேகத்தில் இரண்டு நிமிடம். ஐடிலிங்குக்குத் திரும்பும்போது புனலில் மட்டம் தானே இறங்கி 0.4 லிட்டர் விழுங்கியது. முழுக்க ஆறவிட்டதும் (அவசரப்பட்டுச் சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும்) இன்னொரு 0.3. மறுநாள் மறுபடி அதே சுற்று, 0.15. கூட்டினால் 4.15. மீதி 50 மில்லி துணியில் துடைத்தது.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றியாயிற்று. 1.1 பார் மூடி சரியாகப் பிடித்தால் கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதியான கலவை கொதிப்பது 130 டிகிரிக்குப் பக்கத்தில். அழுத்தம் பிடிக்காத மூடியில் 107-ஐ ஒட்டியே கொதித்துவிடும். நடுவிலுள்ள சிறிய வெற்றிட வால்வு ஒட்டிக்கொண்டால், ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து (சூட்டில் விரியும் கூலண்ட் வழிந்து சேரும் பக்கத் தொட்டி) கூலண்ட் திரும்பி வராமல் மேல் ஹோஸ் சப்பிப்போகும். காலையில் ஹோஸ் தட்டையாகத் தெரிந்தால் முதலில் மூடியைப் பாருங்கள். 1.3 பார் மூடி போடுங்கள் என்பவர்களுக்கு: பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலை உங்கள் ஆசைக்காகக் காத்திருக்காது.

இளஞ்சிவப்புக் கூலண்ட் தண்ணீர் கலந்தே வருவது, அதில் தண்ணீர் சேர்க்க வேண்டாம். வடித்ததைக் கேனில் பிடித்து வொர்க்‌ஷாப்பில் கொடுத்தாயிற்று. கால்வாயில் ஊற்றும் பேச்சே கிடையாது, இங்கே மழைக் கால்வாய்த் தண்ணீர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது.

அடுத்தது தண்ணீர் பம்ப். கசிவுத் துளைக்குக் கீழே இளஞ்சிவப்பில் காய்ந்த கோடு ஒன்று தெரிகிறது, ஈரம் இல்லை. பேரிங் ஆடுகிறதா என்று பெல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேர்ந்திருக்கும் தூசிப் பஞ்சையும் அப்போதே பின்பக்கத்திலிருந்து முன்னால் தண்ணீர் அடித்து எடுத்துவிடலாம். உயர் அழுத்தக் குழாய் வேண்டாம், செதில்கள் மடங்கிவிடும்.

இப்போதைக்கு ரிசர்வ் டேங்கில் மார்க்கர் கோடு போட்டிருக்கிறது. ஆறிய எஞ்சினில் மூன்று காலை பார்த்ததில் முதல் நாள் மூன்று மில்லிமீட்டர் இறக்கம், இரண்டாம் நாள் ஒன்று, இன்று கோட்டிலேயே.