கொலுசு நடந்த வழி

ஜூன் 1, ஞாயிறு

கத்திரி முடிந்தும் மேற்கு மாம்பலத்தில் அனல் குறையவில்லை. சாயங்காலம் கடல் காற்று ஏறியதும் பால்கனிக் கதவைத் திறந்துவைத்து, அப்பாவைச் சோபாவில் உட்காரவைத்து, போன நவராத்திரிக்கு மந்தைவெளியில் அத்தை வீட்டுக் கொலுவில் நடந்த கச்சேரியைப் போட்டேன். அன்றைக்கு மைக் கிடையாது. கூடத்தில் ஜமுக்காளம் விரித்து மூன்று பேர், சுருதிப் பெட்டி ஒன்று. அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு என் கையடக்க ரெக்கார்டரை வைத்திருந்தேன். அதனால் யார் எங்கே உட்கார்ந்தார்கள், எந்தப் பக்கம் அடுக்களை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

முழங்கால் வலிக்குப் பிறகு அப்பா சபாவுக்குப் போவதில்லை. 40 வருஷம் டிசம்பர் தவறாமல் போனவர். ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்தால் மேடைக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி அவருக்குக் கேட்க வேண்டும். இந்த மாதம் அதற்குத்தான். புதுசாக எதுவும் வாங்கப்போவதில்லை. இருக்கிற புக்ஷெல்ஃப் ஜோடிக்கு 11 வயது, 5 அங்குல வூஃபர் (கனத்த சத்தம் தருகிற கோன்), நல்ல ஸ்பீக்கர்கள். டிவி ஸ்டாண்டின் இரண்டு ஓரத்திலும் சுவரோடு ஒட்டி நிற்கின்றன.

இரண்டு நிமிஷம் கேட்டார். "மிருதங்கம் ஏன்டா வலது பக்கம் வாசிக்கிறது? அந்தத் தம்பி இடக்கை இல்லியே" என்றார்.

கச்சேரி மேடையில் நம் பார்வைக்கு மிருதங்கம் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம். வாசிப்பவர் பாடகரைப் பார்த்து உட்காரும்போது அவருடைய வலந்தலை, அதாவது வலது கை வாசிக்கும் முகம், சபையைப் பார்க்கும். இடது கையால் வலந்தலை வாசிப்பவர் வந்தால் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர் என்று அப்பா ஆரம்பித்தார். பேச்சு அரைமணி நேரம் அங்கேயே நின்றது. நல்ல அரைமணி.

ஆம்ப்ளிஃபயரின் (ஆம்ப்) பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். வலதுக்கான சிவப்பு பின்னும் இடதுக்கான வெள்ளை பின்னும் இடம் மாறிச் சொருகியிருந்தன. எப்போதிலிருந்து என்று நினைக்கவே மனசு வரவில்லை. மாற்றியதும் மிருதங்கம் இடப்பக்கம் வந்தது. ஆனால் மேடை வரவில்லை. இடது பெட்டிக்குள் ஒருவர், வலது பெட்டிக்குள் ஒருவர், நடுவில் பாட்டு மங்கலாக. பதிவின் பதினோராவது நிமிஷத்தில் ஒரு கொலுசுச் சத்தம் வலமிருந்து இடமாகக் கூடத்தைக் கடந்து போகும். என் மகள்தான், சுண்டல் கிண்ணத்தோடு. இங்கே அது வலது பெட்டியில் சிணுங்குகிறது, அப்புறம் இடது பெட்டியில் சிணுங்குகிறது. நடுவில் அவள் நடக்கவே இல்லை.

ஜூன் 5, வியாழன்

ஆபீஸ் விட்டு ரிச்சி தெரு. 16 கேஜ் ஸ்பீக்கர் ஒயர் 10 மீட்டர். ஸ்பீக்கரை முன்னால் இழுக்க நீளம் வேண்டும், அவ்வளவுதான் காரணம். விலை கூடிய ஒயரில் மேடை ஒளிந்திருக்கிறது என்று நான் நம்பவில்லை.

ராத்திரி மாட்டிக் கேட்டதும் மயிர்க்கூச்செறிந்தது. பாட்டு தலையைச் சுற்றி வந்தது, சுவருக்கு வெளியேயும் போனது. அடைந்துவிட்டோம் என்றே நினைத்துப் படுத்தேன்.

ஜூன் 7, சனி

அடையவில்லை. காலையில் நிதானமாகக் கேட்டால் தொப்பி, அதாவது மிருதங்கத்தின் இடந்தலை, காணோம். வெறும் அட்டை மாதிரி தட்டுகிறது. பாடுகிறவர் எல்லா இடத்திலும் இருக்கிறார், எந்த இடத்திலும் இல்லை. எங்கே என்று விரலால் காட்ட முடியாவிட்டால் அது மேடை இல்லை. அகலம் வேறு, மேடை வேறு. இதை எனக்கு நானே எழுதிவைத்துக்கொள்கிறேன்.

சந்தேகம் பிளஸ்-மைனஸ் மேல். ஆம்ப் பக்கத்து முனைகளைக் கழற்றி, ஒரு பென்சில் பேட்டரியைத் தொட்டும் தொடாமலும் வைத்தேன். முன் துணியை எடுத்திருந்ததால் வூஃபர் தெரிந்தது. இடது கோன் மெல்ல ஒரு நூல் வெளியே வந்தது, தொடுப்பை எடுத்ததும் 'டொக்'கென்று திரும்பியது. வலது கோன் உள்ளே போனது. ஒயரின் சிவப்புக் கோட்டை ஒரு முனையில் மட்டும் மாற்றி மாட்டியிருக்கிறேன். ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது. தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன, நடுவில் நிற்க வேண்டிய குரல் சிதறுகிறது. திருப்பி மாட்டியதும் தொப்பி வந்தது, குரல் நடுவுக்கு வந்தது.

இரண்டே ஸ்பீக்கரில் நடுவில் ஒரு ஆள் எப்படி நிற்கிறார் என்பது எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு அலுக்காது. அங்கே ஒன்றுமே இல்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே சத்தம், ஒரே நேரத்தில், ஒரே அளவில் வருவதால் மூளை நடுவில் ஒரு ஆளை உட்காரவைக்கிறது. இதைக் கணக்காகப் போட்டுக் காட்டியவர் ஆலன் ப்ளம்லைன். லண்டனில் இஎம்ஐ கம்பெனிப் பொறியாளர். சினிமாவில் நடிகர் ஒரு பக்கம் நிற்க, குரல் வேறு பக்கத்திலிருந்து வருகிறதே என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டு வந்தாராம். 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வர 1958 ஆகிவிட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. போர்க்காலத்தில் ரேடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து, 38 வயதில் இறந்தார். அது 1942, ஜூன் 7. இன்றைய தேதி. பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

இழுக்கும் நாள். அடுத்த தெருவில் வீடு கட்டுகிற மேஸ்திரியிடம் கேட்டு 6 ஹாலோ பிளாக். ஒன்றின் மேல் ஒன்றாக மும்மூன்று, இடையில் ரப்பர் ஷீட், மேலே கடப்பா கல். உட்கார்ந்திருக்கிற காதும் ட்வீட்டரும் (கீச்சுச் சத்தம் தருகிற சின்னக் கோன்) இப்போது ஒரே உயரம்.

எங்கள் ஹால் 10 அடிக்கு 14 அடி. ஸ்பீக்கரின் முகம் பின்சுவரிலிருந்து 80 செ.மீ. முன்னால் வந்தது. இரண்டுக்கும் இடையே 1.9 மீட்டர், ஒவ்வொன்றிலிருந்தும் காதுக்கும் அதே 1.9 மீட்டர். மகள் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். சோபாவைப் பின்சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் முன்னால் தள்ளியாயிற்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நடக்கிற வழியை மட்டும் ஒரு தடவை நடந்து பார்த்தார். டிவி மேல் ஒரு கம்பளிப் போர்வை.

கேட்டேன். ஆழம் வந்திருக்கிறது. சுருதிப் பெட்டி பாடகரின் பின்னால் போய்விட்டது, உண்மையில் அது இருந்த இடத்துக்கு. ஸ்பீக்கர் சுவரோடு ஒட்டியிருந்தபோது சுவரில் பட்ட சத்தம் அசலோடு கலந்தே வந்தது. இப்போது 1.6 மீட்டர் கூடுதலாக நடந்து, நாலரை மில்லி செகண்ட் கழித்து வருகிறது. காது இரண்டையும் பிரித்துக்கொள்ள அந்தச் சின்ன இடைவெளி போதும் போலிருக்கிறது.

ஆனால் பாடகர் வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அப்பாவும் கவனித்துவிட்டார். "என்னடா, அந்தம்மா பீரோகிட்ட போயிட்டாங்க."

ஜூன் 10, செவ்வாய்

போன் ஆப்பில் தாழ்ந்த டோன்களை ஒவ்வொன்றாக ஓட்டினேன். 57 ஹெர்ட்ஸில் ஹால் முழுக்க உறுமுகிறது. கணக்கும் அதையே சொல்கிறது: 10 அடி அகலத்தில் அரை அலை சரியாக அடங்குவது 57-இல்தான். எங்கள் கூரை உயரமும் 10 அடி, ஆக இரட்டைப் பங்கு. அகலத்தையும் உயரத்தையும் மாற்ற முடியாது. சோபாவை ஒரு ஜாண் முன்பின் நகர்த்தினால் 14 அடி நீளத்தின் உறுமல் (சுமார் 41 ஹெர்ட்ஸ்) மட்டும் அடங்குகிறது. கச்சேரிக்கு இதெல்லாம் பெரிய இடைஞ்சல் இல்லை. விட்டுவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

பீரோதான்.

சோபாவின் நடுவில் நான் உட்கார, மகள் முகம் பார்க்கிற கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போனாள். கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ, அங்கேதான் முதல் எதிரொலி பிறக்கிறது. வலப்பக்கம் தெரிந்த இடம் இரும்பு பீரோவின் கதவு. இடப்பக்கம் தெரியவே இல்லை. அங்கே சுவர் இல்லை, திறந்த பால்கனிக் கதவு. ஒரு பக்கம் தகடு, ஒரு பக்கம் ஆகாசம். தகட்டில் பட்டு வரும் சத்தம் நேர்ச்சத்தத்தைவிட 77 செ.மீ. மட்டுமே சுற்றி வருகிறது, 2 மில்லி செகண்டுக்குச் சற்று மேல். இத்தனை சீக்கிரம் வருவதைக் காது எதிரொலியாகப் பிரித்துக் கேட்காது. ஹெல்மூட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-இல் தன் ஆய்வேட்டில் காட்டியது இது: முதலில் வந்ததோடு ஒட்டவைத்து ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஒட்டிக்கொண்டாலும் அந்தப் பக்கத்துக்கு ஒரு கனம் சேர்கிறது, இடத்தின் கூர்மை குறைகிறது.

பீரோவுக்குள் இருந்ததை எல்லாம் கட்டிலில் இறக்கி, கால்களுக்கடியில் பழைய துணியை நுழைத்து, நானும் கீழ் வீட்டுத் தம்பியும் படுக்கை அறைக்கு இழுத்துப் போனோம். மொசைக் தரையில் நாலு வட்டம் மட்டும் வழவழவென்று புதுசாக இருந்தது, வீடு வாங்கிய நாளில் இருந்த நிறத்தில். அந்தச் சுவரில் இப்போது நாலாக மடித்த பவானி ஜமுக்காளம் தொங்குகிறது, சுவரை விட்டு நாலு விரல் தள்ளி. இன்னொன்று தரையில். ஜமுக்காளம் கீச்சுச் சத்தத்தைத்தான் குடிக்கும், கனத்த சத்தத்தைத் தொடாது. எனக்கு வேண்டியதும் அதுதான். ஹால் முழுக்கத் துணி போர்த்திச் செத்த அறையாக்கிவிடவும் கூடாது; எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி அப்படியே இருக்கட்டும்.

பாடகர் நடுவுக்கு வந்துவிட்டார். பத்து செ.மீ. அகலத்தில், உட்கார்ந்த உயரத்தில், ஒரு வாய். ஃபேனை நிறுத்திக் கேட்டபோது ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவர் இழுக்கிற மூச்சு அந்த வாயிலிருந்தே வந்தது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

கொலுசும் நடக்கிறது. இடப்பக்கம் வரும்போது மட்டும் கொஞ்சம் தடுக்குகிறது.

ஜூன் 19, வியாழன்

ஒரு சோதனை, ஒரே ராத்திரிக்கு.

ஹெட்போனில் இடது காதுக்கு இடது மட்டும் கேட்கும். ஸ்பீக்கரில் அப்படி இல்லை. இடது ஸ்பீக்கரின் சத்தம் தலையைச் சுற்றி வலது காதுக்கும் போகிறது. இந்தக் கலப்படத்தால்தான் ஸ்டீரியோ மேடை சாதாரணமாக இரண்டு பெட்டிகளுக்கு வெளியே போவதில்லை. 1960களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மான்ஃப்ரெட் ஷ்ரோடரும், கான்பூரில் பிறந்து பெங்களூர் ஐஐஎஸ்சியில் படித்த பிஷ்ணு அடலும், தப்பிப் போகிற அந்தச் சத்தத்துக்கு எதிரான சத்தத்தை இன்னொரு ஸ்பீக்கரில் சேர்த்து அழித்துக் காட்டினார்கள். என்னிடம் அந்தக் கருவி இல்லை. பாட்டி காலத்து இலவம் பஞ்சு மெத்தை இருக்கிறது.

அதை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவிலிருந்து என் மூக்கு வரைக்கும் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு நாற்காலியால் முட்டுக் கொடுத்தேன். இடது கண்ணுக்கு இடது ஸ்பீக்கர் மட்டும், வலது கண்ணுக்கு வலது மட்டும். மூக்கில் பழைய பஞ்சு வாசனை. பாட்டு ஆரம்பித்ததும் ஹாலின் பக்கச் சுவர்கள் விலகிப் போயின. அத்தை வீட்டு அடுக்களையில் யாரோ எவர்சில்வர் தட்டை வைக்கிற சத்தம் பால்கனிக்கும் வெளியே, என் இடது தோளுக்கு நேராகக் கேட்டது. எட்டு மாதம் முன்பு அந்த அடுக்களை எனக்கு அந்தத் திசையில்தான் இருந்தது.

மெத்தையோடு வாழ முடியாது. ஒரு ஆள்தான் கேட்கலாம், அதுவும் அசையாமல். கம்ப்யூட்டர் வழியாக இதைச் செய்கிற வழிகள் இருக்கின்றன, பிறகு பார்க்கலாம். ஆனால் அந்தச் சின்ன ரெக்கார்டர் இத்தனை பெரிய கூடத்தை உள்ளே வைத்திருந்தது என்று தெரிந்ததே போதும்.

ஜூன் 22, ஞாயிறு

அப்பாவுக்கு மட்டும் என்று ஆரம்பித்தது; அம்மாவும் பக்கத்தில் உட்காருவார் என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. நடுவிலிருந்து தலை 10 செ.மீ. நகர்ந்தாலே ஒரு ஸ்பீக்கரின் சத்தம் 0.3 மில்லி செகண்ட் முந்திவிடும். நேர் பக்கவாட்டில் வரும் சத்தத்துக்கே இரண்டு காதுக்கும் இடையில் 0.7 தாண்டாது. ஆகவே இருவர் உட்கார்ந்தால் இருவருக்கும் பாடகர் அவரவர் பக்கம் சரிந்துவிடுகிறார்.

ஸ்பீக்கர்களை இன்னும் உள்ளே திருப்பினேன், இரண்டின் பார்வையும் சோபாவுக்கு ஒரு முழம் முன்னாலேயே குறுக்கிட்டுக்கொள்ளும்படி. இப்போது வலது ஓரத்தில் இருப்பவருக்குப் பக்கத்து ஸ்பீக்கர் முகம் திருப்பிக்கொண்டிருக்கும், தூரத்து ஸ்பீக்கர் நேராகப் பார்க்கும். கிட்டத்தில் இருப்பது முந்தி வந்தாலும் சற்றுத் தணிந்து வரும், எட்டத்தில் இருப்பது பிந்தினாலும் ஓங்கி வரும். முழுக்கச் சரியாகவில்லை, ஆனால் பாடகர் நடுவை விட்டு அதிகம் போகவில்லை. நிற்கிற இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்தேன். தினம் துடைத்தால் நிற்காது, பெயிண்டால் புள்ளி வைக்க வேண்டும்.

மகளைப் படிக்க அனுப்பிவிட்டு, பால்கனிக் கதவைச் சாத்தி அதன் திரையையும் இழுத்துவிட்டு, கச்சேரியை முதலிலிருந்து போட்டேன். அம்மா கையில் பூத் தொடுப்பதை வைத்திருந்தார்; கொஞ்ச நேரத்தில் அது மடியிலேயே கிடந்தது. அப்பா தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பதினோராவது நிமிஷம் வலது மூலையிலிருந்து கொலுசு கிளம்பியது. வயலினைத் தாண்டி, பாடகரின் முன்னால், ஒவ்வொரு அடியாக, எங்கும் தடுக்காமல். அப்பாவின் தாளம் நிற்கவில்லை. தலை மட்டும் அதோடு கூடவே இடப்பக்கம் திரும்பியது. மிருதங்கத்துக்குக் கிட்டே வந்தபோது இடது கையின் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து, "மெதுவா நடம்மா, பாட்டு நடக்குது" என்று திரைச்சீலையைப் பார்த்துச் சொன்னார்.

மகள் உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.