எது மாறாது என்று பாருங்கள்

கில்லர் சுடோகுவில் அச்சிட்டிருக்கும் விதிகள் இரண்டே. ஒவ்வொரு வரிசையிலும், நெடுவரிசையிலும், 3×3 பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒருமுறைதான் வரும். புள்ளிக்கோட்டுக் கூண்டுக்குள் இருக்கும் எண்களைக் கூட்டினால் மூலையில் உள்ள தொகை வரும். கடினமான புதிர் என்றால் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு முதல் எண்ணைப் போடுவதே பெரும்பாடு. கதவைத் திறப்பது எழுதாத விதி: எந்தப் பெட்டியை எடுத்தாலும் கூட்டுத்தொகை 45.

ஒரு பெட்டிக்குள் முழுதாக அடங்கிய மூன்று கூண்டுகளின் தொகைகள் 17, 10, 11 என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் சேர்ந்து எட்டுக் கட்டங்கள், தொகை 38. மிச்சக் கட்டத்தில் 7. இது எளிது, கூண்டு பெட்டியை விட்டு வெளியே நீட்டும்போதுதான் இந்த விதியின் முழு வலிமை தெரியும். நாம் கூட்டும் கூண்டுகளின் தொகை 49, அவை பெட்டிக்குள் ஒரு கட்டத்தை விட்டுவிட்டு, வெளியே ஒரு கட்டத்தைச் சேர்த்துக்கொள்கின்றன என்றால்? 45 − உள் + வெளி = 49. ஆக வெளிக்கட்டம் உள்கட்டத்தைவிட 4 அதிகம். உள்ளே 1 முதல் 5 வரை, வெளியே 5 முதல் 9 வரை. எண் தெரியாவிட்டாலும் பாதி வேலை முடிந்தது. எதிலிருந்து எதைக் கழிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மனக்கணக்கு வேண்டாம், அந்தச் சமன்பாட்டை ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

எழுதாத விதி வேண்டுமானால், விடையை எப்படி மாற்றிப் போட்டாலும் மாறாமல் நிற்பது எது என்று தேட வேண்டும். புள்ளிகளைக் கோடுகளால் இணைத்து வளையம் வரையும் ஸ்லிதர்லிங்க் புதிரில் அது இரட்டைப்படை. விடை ஒரே மூடிய வளையம். புதிரின் ஒரு பகுதியைச் சுற்றி மனத்தில் வேலி போட்டால், வளையம் எத்தனை முறை உள்ளே நுழைகிறதோ அத்தனை முறை வெளியேறியாக வேண்டும். வேலியில் ஓரிடம் மட்டும் முடிவாகவில்லை, மற்ற இடங்களில் 3 கோடுகள் கடக்கின்றன என்றால் அந்த இடத்திலும் கோடு உண்டு. 2 என்றால் இல்லை. வேலி புள்ளிகள் மேல் போகக் கூடாது, கோடு விழக்கூடிய இடங்களைக் குறுக்கே வெட்ட வேண்டும். புள்ளியைத் தொட்டால் எண்ணிக்கை கெட்டுவிடும்.

ககுரோ, குறுக்கெழுத்து போன்ற கட்டங்களில் 1 முதல் 9 வரையிலான எண்களை, ஒரு தொடரில் எதுவும் திரும்ப வராமல், கொடுத்த தொகை வரும்படி நிரப்பும் புதிர். அதில் தேட வேண்டியது மிகச் சிறிய, மிகப் பெரிய தொகைகளை. இரண்டு கட்டங்களில் 3 என்றால் 1, 2. 4 என்றால் 1, 3. இரண்டும் குறுக்கிடும் கட்டத்தில் 1 தவிர வேறு வராது. 16-ம் 17-ம் குறுக்கிட்டால் 9.

விதி போலத் தோன்றி ஏமாற்றுபவையும் உண்டு. இரண்டு பெட்டிகளில் பரவிய கில்லர் கூண்டில் ஓர் எண் இருமுறை வரலாமா என்பதைச் சுடோகு விதி மட்டும் தீர்மானிப்பதில்லை; புதிர்க் குறிப்பைப் படித்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, ஒரே விடை என்ற நம்பிக்கை. சாதாரணச் சுடோகுவில் இரண்டு வரிசை, இரண்டு நெடுவரிசை சந்திக்கும் நான்கு கட்டங்களிலும் அதே இரண்டு எண்கள் மட்டும் மிஞ்சினால் இடம் மாற்றி இரண்டு விடை வரும். எனவே அந்த நிலையைத் தவிர்க்கலாம் என்பது வாதம். நான்கும் சரியாக இரண்டு பெட்டிகளுக்குள் இருந்தால்தான் இது செல்லும். நான்கு பெட்டிகளில் சிதறியிருந்தால் இடம் மாற்றும்போது பெட்டிகள் குலைந்துவிடும், வாதமும் விழுந்துவிடும். புதிருக்கு ஒரே விடை என்ற உறுதியும் வேண்டும்: தொடக்கத்தில் 16 எண்கள் மட்டும் கொடுத்து ஒரே விடை தரும் சாதாரணச் சுடோகு கிடையாது என்று 2012-ல் கணிதவியலாளர் கேரி மெக்குவயரின் குழு கணினியால் நிறுவியது. சாதாரணச் சுடோகுவில் கொடுத்திருக்கும் எண்கள் 17-க்குக் குறைவு என்றால் இந்த வாதத்தைத் தொடவே வேண்டாம்.