அலையாத்திக் காட்டில் அலை தேடிய கதை

மே மாதக் காலை ஒன்றில் அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து மயிலாடுதுறை வந்து இறங்கினான். காரின் தலையில் நீளமாக, வெள்ளையாக, முனை கூராக ஒரு பலகை கட்டியிருந்தது. எங்கள் வயலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அதைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்.

"பரம்புப் பலகையா தம்பி? இவ்வளவு வழுவழுப்பாக இருந்தால் சேறு மட்டப்படாதே."

"அலைச்சறுக்குப் பலகை தாத்தா. இதன் மேல் ஏறி நின்று கடல் அலையில் போவோம்."

"நாங்களும் பரம்பின் மேல் ஏறி நின்றுதான் போவோம். ஆனால் முன்னால் இரண்டு மாடு இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

பையன் சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் இரண்டு நாள் பயிற்சி எடுத்திருக்கிறான். மொத்தம் மூன்று முறை எழுந்து நின்றானாம். அதனால் தன்னை 'இடைநிலை' என்று சேர்த்துக்கொண்டான். உடன் வந்த தங்கை கல்லூரி நீச்சல் அணியில் இருப்பவள். பலகையைத் தொட்டதில்லை என்பதால் அவள் 'தொடக்கநிலை'. "நீங்கள் எந்த நிலை சித்தப்பா?" என்று என்னைக் கேட்டான். துலாக்கட்டப் படித்துறையிலிருந்து காவிரியில் குதித்து வளர்ந்தவன் நான். ஆனால் மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12-க்கு முன்னால் இந்த ஊரில் யாருடைய நீச்சலையும் சோதிக்க முடியாது. மே மாதக் காவிரியில் கிரிக்கெட்தான் ஆடலாம்.

ஆளுக்குத் தகுந்த அலை வேண்டும் என்றான். டெல்டாவில் யாரும் கண்டுபிடிக்காத இடத்தை நாம் கண்டுபிடிப்போம் என்றும் சொன்னான். இடம் காட்டும் பொறுப்பு உள்ளூர்க்காரனான என்மேல் விழுந்தது. கடல் என்றால் எல்லாம் ஒரே கடல்தானே என்று முதல் நாள் முத்துப்பேட்டைக்கு அழைத்துப் போனேன். போகிற வழியில் திருத்துறைப்பூண்டியில் ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

கோரையாற்றில் படகு போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பச்சை. கொக்குகள் எங்களைவிடப் பலகையைத்தான் அதிகம் பார்த்தன. படகோட்டி நெடுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பலகை எதற்கு?" என்று கேட்டார்.

"அலையில் சறுக்க."

"இது அலையாத்திக் காடு ஐயா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அலையை ஆற்றுகிற காடு. ஐம்பத்து நான்கு வயதில் அன்றுதான் அந்தப் பெயரை நான் பிரித்துப் பார்த்தேன். காயல் முழுக்க ஒரு தாம்பாளத்துத் தண்ணீர்போல அசையாமல் கிடந்தது. தங்கை மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அன்று இரவு பையன் தட்டில் இருந்த தோசையைக் கொண்டே பாடம் நடத்தினான். கோடியக்கரையில் நம் கரை முழங்கைபோல மேற்கே மடங்குகிறது. மடங்கிய பக்கம் பாக் நீரிணை. ஆழம் குறைவு, முத்துப்பேட்டைப் பக்கம் அடியில் சேறு. இந்த மாதங்களின் நல்ல அலைகள் எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கடைக்கோடியில் வீசும் புயல்களில் பிறந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உருண்டு வருகின்றன. இலங்கை (சட்னிக் கிண்ணம்) குறுக்கே இருந்து மறைத்துவிடுகிறது. அந்த மறைவை விட்டு வடக்கே போகப் போக அலை தேறும். மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டியை நடத்தினார்களே, சும்மாவா? இவ்வளவும் தெரிந்தவன் காலையிலேயே சொல்லியிருந்தால் டீசலாவது மிஞ்சியிருக்கும்.

மறுநாள் பூம்புகார். அலை இருந்தது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்களும் இருந்தன. அலை நேராகப் போய்க் கல்லில் மோதியது. அடியில் பாறை உள்ள அலை கைதேர்ந்தவர்களுக்கு உரியது, பழகுகிறவர்களுக்கு மணல்தரைதான் என்று பையன் விளக்கினான். கல்லைப் பார்த்ததும் அவனுடைய இடைநிலை கொஞ்சம் இறங்கியதை நான் கவனித்தேன். சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைச் சுற்றிவிட்டுத் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. 1620-இல் டேனியர் கட்டிய கோட்டை எதிரே கடல் கலங்கிக் குழம்பிக் கிடந்தது. விடியற்காலையில் நிலத்திலிருந்து வீசும் காற்று அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கும், வெயில் ஏறியதும் கடற்காற்று பின்னாலிருந்து அதைக் கலைத்துவிடும் என்றான். "அலைகள் பாடும் ஊர் என்கிறார்களே, இங்கேயாவது..." என்று இழுத்தாள் தங்கை. பாடி என்றால் பாடுவதில்லை அம்மா, குடியிருப்பு என்று நான் என் பங்குக்கு ஒரு பாடம் நடத்தினேன். யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு ஒரு மீனவர் கிராமத்துக் கரையில் நின்றோம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். நல்ல அலை கிடைக்கும் இடத்தை வெளியே சொல்லாததுதான் இந்த விளையாட்டின் முதல் விதியாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகுகளுக்கு ஓய்வு. ஒரு பெரியவர் பழைய வலையைப் பழுது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பையன் கடலை நோட்டம் விட்டான். இரண்டு இடத்தில் அலை வெள்ளையாக உடைந்து நுரைத்தது. நடுவே ஒரு பட்டை மட்டும் கறுத்து, அலையே எழாமல் அமைதியாக இருந்தது. "தொடக்கநிலைக்கு அதுதான் இடம். நீ அங்கே இறங்கு" என்று தங்கையிடம் கைகாட்டினான்.

வலைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அந்தப் பெண் உனக்கு என்ன தீங்கு செய்தது தம்பி?"

அலை உடைகிற இடத்தில் அடியில் மணல்திட்டு இருக்கிறது. திட்டைத் தாண்டி உள்ளே வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்ப வழி வேண்டுமே, அந்தக் கறுத்த பட்டைதான் வழி. இறங்கினால் ஆளைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விடும். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தினால் கை ஓய்ந்துவிடும். பக்கவாட்டில் நீந்தி, நுரை தெரிகிற இடத்துக்குப் போய்விட வேண்டும். பெரியவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. வயலில் வரப்பு வழிந்து பாய்ந்த தண்ணீர் ஒரே மடை வழியாகத்தான் வெளியேறும். மடைவாயில் மேலே சலனம் தெரியாது, காலை வைத்தால் தெரியும். மூன்று நாளில் நான் புரிந்துகொண்ட முதல் விஷயம் இது.

பிறகு அவரே எங்கள் மூவரையும் தரம் பிரித்தார். தங்கையின் தோளைப் பார்த்து, "நீந்துவாயா?" என்று மட்டும் கேட்டார். அவளைத் திட்டின் ஓரத்துக்குப் போகச் சொன்னார். பையனை இடுப்பளவுத் தண்ணீரில், அலை உடைந்து வெறும் நுரையாக வருகிற இடத்தில் நிறுத்தினார். பலகையைத் தூக்கிப் பார்த்து, "இது உனக்குப் பற்றாது" என்றார். பற்றாதுதான். பழகுகிறவர்களுக்கு எட்டு, ஒன்பது அடியில், மேலே மெத்தென்ற பலகைதான் மிதந்து தாங்கும். இவன் பார்க்க அழகாக இருந்தது என்று ஆறடிக் கடினப் பலகையை வாங்கியிருக்கிறான்.

ஒரு மணி நேரத்தில் பையன் பதினேழு முறை விழுந்தான். எண்ணியது நான், கரையில் எனக்கு வேறு வேலை இல்லை. தங்கை பலகையை வாங்கிக்கொண்டு போய், எழுந்து நிற்க முயலாமல் வயிற்றில் படுத்தபடியே மூன்று அலைகளில் கரைவரை வந்தாள். நான்காவதில் முழங்காலில் எழுந்தாள். பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார்.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. சிறுவயதில் பரம்பின் மேல் நின்று முழுச் செய்யையும் சுற்றி வந்தவன் நான், காலை எப்படி அகட்டுவது என்று எனக்கா தெரியாது? முழங்காலளவு நுரையில் ஏறி நின்றேன். இரண்டு நொடி நின்றேன் என்று நான் சொல்கிறேன், நிற்கவே இல்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். மாடு இல்லாத பரம்பு எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியவில்லை. மூக்கு, காது, சட்டைப்பை எல்லாவற்றிலும் மணலோடு எழுந்தபோது, கரையில் பல் துலக்கிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் உடைந்த தெர்மாகோல் துண்டில் குப்புறப் படுத்து எங்களைத் தாண்டிப் போனான். அவன் எந்த நிலை என்று பையன் யாரையும் கேட்கவில்லை.

ஊர் திரும்பும்போது பலகையை இங்கேயே விட்டுவிட்டுப் போனான். நீளப் பலகை வாங்கிக்கொண்டு வருகிறானாம். அது மொட்டைமாடியில் கிடந்தது. மேல்பக்கம் கால் வழுக்காமலிருக்க மெழுகு பூசியிருக்கிறது, அடிப்பக்கம் கண்ணாடிபோல. நேற்று அவன் தொலைபேசியில் அழைத்து, "பலகை பத்திரமாக இருக்கிறதா சித்தி?" என்று கேட்டான்.

"நன்றாக இருக்கிறதடா, ஒட்டாமல் வருகிறது" என்றாள் என் மனைவி. ஜவ்வரிசி வடாம் இரண்டாம் ஈடு அதில் காய்ந்துகொண்டிருந்தது.