பேஸ் கிட்டார் இருக்கும் பேண்டில் இடது கைக்கு என்ன வேலை?

தனியாக உட்கார்ந்து கீபோர்டு பழகிய எல்லோருடைய இடது கையும் ஒரே பழக்கத்தில்தான் ஊறியிருக்கும்: கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சில நோட்டுகளின்) ரூட்டை, அதாவது கார்டுக்குப் பெயர் தரும் நோட்டை, கீழே ஆக்டேவாக (அதே நோட்டை மேலும் கீழுமாக இரண்டு இடத்தில்) அழுத்து, கூடவே ஒலியை நீட்டும் சஸ்டெயின் பெடலை மிதி, மிச்சத்தை வலது கை பார்த்துக்கொள்ளும். தனியாக வாசிக்கும்போது அது சரிதான், ஏனென்றால் கீழே வேறு யாரும் இல்லை. அதே கையோடு பேண்டில் போய் நின்றால்தான் சிக்கல்.

எனக்கு அது புரிந்தது ஒரு ரிகர்சலில். மெதுவான பாட்டு. பேஸ் வாசிக்கும் நண்பன் சி, பி, ஏ, ஜி என்று ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குகிறான், அந்தப் பாட்டின் அழகே அந்த இறக்கம்தான். நானோ இரண்டாவது கார்டு வந்ததும், அது பி-யும் அடங்கிய ஜி கார்டுதானே என்று இடது கையில் ஜி-யை ஆக்டேவாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ரிகர்சலை போனில் பதிவு செய்திருந்தோம். அவன் அந்த இடத்தை மறுபடி போட்டுவிட்டு, "நான் பி-க்கு இறங்குறது உனக்குக் கேக்குதாடா?" என்றான். கேட்கவில்லை. என் கீழ் ஜி அவனுடைய பி-க்கும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டதால், ஜி-யின் மேல் நிற்கும் சாதாரண கார்டாக அது மாறிவிட்டது. அவன் எதை வாசித்தாலும் பயன் இல்லை. கீழே இருக்கும் நோட்டுதான் கார்டின் குணத்தை முடிவு செய்கிறது, அந்த முடிவு பேஸ் வாசிப்பவருடையது, அதை நான் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

கணக்காகவும் சொல்லலாம். நாலு கம்பி பேஸ் கிட்டாரில் திறந்த கம்பிகள் (விரல் வைத்து அழுத்தாமல் மீட்டுவது) சுமார் 41 ஹெர்ட்ஸில் தொடங்கி 98 வரை போகின்றன. டிரம்ஸில் காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக்கின் அடிச்சத்தமும் அதே பக்கம்தான். ஏற்கெனவே இரண்டு பேர் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் நாமும் நுழைந்தால் என்ன ஆகும்? கீபோர்டின் நடுவில் இருக்கும் மிடில் சி-யையும் அதற்கு மேலே உள்ள ஈ-யையும் சேர்த்து வாசியுங்கள்: 262, 330, இடைவெளி 68 ஹெர்ட்ஸ், தெளிவாகக் கேட்கும். அதே ஜோடியை இரண்டு ஆக்டேவ் கீழே வாசித்தால் 65, 82, இடைவெளி வெறும் 17. இவ்வளவு நெருங்கிய இரண்டு ஒலிகளைக் காதால் பிரித்துக் கேட்க முடியாது, உறுமல் மாதிரிதான் வரும். பெடலையும் மிதித்தால் அந்த உறுமல் அடுத்த கார்டு வரை நீளும்.

அதனால் என் கட்சி இதுதான்: பேஸ் இருந்தால், மிடில் சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழே இருக்கும் சி-யைத் தாண்டி இடது கை இறங்கவே கூடாது, பாட்டு கேட்டால் ஒழிய. ரூட்டையும் விட்டுவிடலாம். பயமாக இருக்கும், கார்டு அந்தரத்தில் தொங்குவது மாதிரி இருக்கும், ஆனால் பேஸோடு சேர்ந்து கேட்டால் முழுசாக இருக்கும். டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்று போகும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கையில் தேர்டும் செவன்த்தும் (ரூட்டிலிருந்து எண்ணினால் மூன்றாவது, ஏழாவது நோட்டுகள்) மட்டும் போதும். முதலில் எஃப், சி. ஜி செவனுக்கு சி மட்டும் அரைப்படி (பக்கத்துக் கட்டைக்கு) இறங்கி பி ஆகிறது, எஃப் அசையவே இல்லை. அடுத்ததற்கு எஃப் அரைப்படி இறங்கி ஈ, பி அங்கேயே. பேஸ் டி, ஜி, சி என்று தாவித் தாவிப் போகும்போது நம் கையில் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விரல்தான் நகர்கிறது. இதை முதல்முறை பேஸோடு வாசித்துக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது, இன்னும் சிலிர்க்கிறது.

அப்புறம், கை எப்போதும் நோட்டுதான் வாசிக்க வேண்டும் என்று யார் சொன்னது? சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் பெரும்பாலும் இடது ஓரத்தில்தான் இருக்கிறது. வலது கை சிந்த் லீட் (சிந்தசைசரில் தனி மெட்டு) வாசிக்கும்போது அந்த வளைவுக்கு இடது கை முழுதாக வேண்டும். ஆர்கன் என்றால் ஒலியின் நிறத்தை மாற்றும் டிராபாரை இழுப்பது, சுழலும் ஸ்பீக்கரான லெஸ்லியை மெதுவிலிருந்து வேகத்துக்கு மாற்றுவது எல்லாமே வாசிப்புதான். கிட்டார்காரர் நடு ஆக்டேவில் அடர்த்தியாக ஸ்ட்ரம் செய்தால் அங்கிருந்தும் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருப்பது நல்லது.

பேஸ் வாசிக்க ஆளே இல்லாத பேண்ட் வேறு விஷயம். தி டோர்ஸ் என்ற அமெரிக்க ராக் பேண்டின் மேடைகளில் அதன் கீபோர்டு கலைஞர் ரே மான்சரெக் 32 கட்டைகள் கொண்ட ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பேஸை இடது கையால் வாசித்தார், வலது கை ஆர்கனில். அங்கே இடது கைதான் பேஸ் வாசிப்பவர், அதனால் அது டிரம்மரின் கிக்கைக் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும், வலது கை எவ்வளவு ஆடினாலும் இது ஆடக்கூடாது. தனியாகப் பழக வேண்டிய வித்தை அது.

அந்த மெதுவான பாட்டை இப்போதும் வாசிக்கிறோம். சி, பி, ஏ, ஜி என்று அவன் இறங்கும் நாலு கார்டிலும், மூன்றாவதை ஏ மைனர் செவனாக எடுத்தால், பொதுவாக ஒரு நோட்டு இருக்கிறது: ஜி. மிடில் சி-க்குச் சற்றுக் கீழே இருக்கும் அந்த ஒரு ஜி-யை மட்டும் இடது கை கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, அவன் இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.